கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி நட்ட போத்தல்கள்

எழுபதுகளில் ஈப்போவில் செலுப் டயர் போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். தேய்ந்துபோன டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்துக் கொடுக்கிற தொழில். அந்த ஏழெட்டுப் பேரில், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே டயருக்குள் இருக்கும் கோளாறைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். என்னிடம் வேலை பழகிவிட்டு எனக்கு எதிரிலேயே கடை போட்டவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான்.

படிப்பு, ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. செமோர் பக்கம் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் ஒரு சட்டையோடு ஈப்போவுக்கு வந்தேன். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் ரப்பர் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கினேன், பிறகு மாவு பிசைவது போல ரப்பர் பிசையும் இயந்திரத்தில் நின்றேன், ஐந்தே வருஷத்தில் சொந்தக் கடை வைத்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை. என் கடையில் போட்ட டயர் கேமரன் மலை ஏறி இறங்கியும் பிரிந்து வந்ததில்லை.

கடை வைத்த மறுவருஷம் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் என் மனைவி மாசமானாள்.

எங்கள் தோட்டத்தில் மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் ஒரு கோப்பை கள் கொடுப்பார்கள். விடியற்காலையிலிருந்து மரத்தடியில் நின்று நின்று உடம்பு சூடேறிப்போகும், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பார்கள். அதை யாரும் குடி என்று நினைத்ததில்லை. இளநீர், கஞ்சி, அந்த வரிசையில் கள்ளும் ஒன்று.

நான் இப்போது டவுனில் சொந்தக் கடைக்காரன். என் பெண்டாட்டி கள் குடிப்பதா? ஸ்டௌட் என்கிற கறுப்பு பீர் வாங்கினேன். கள்ளைவிட உசத்தி, ரத்தம் ஊறும், பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கும் என்று தெருவில் சீனர், தமிழர் என்று எல்லாச் சாதிக்காரரும் சொன்னார்கள். தினம் ஒரு போத்தல். அவளுக்கு அந்தக் கசப்பு பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

“கசக்குதுங்க.”

“மருந்து கசக்காம இனிக்குமா? குடிலா. நம்ம தோட்டத்துல எவ ஸ்டௌட் குடிச்சிருக்கா?”

காலிப் போத்தல்களை நான் தூக்கிப் போடவில்லை. வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதைச் சுற்றிப் போத்தல்களைத் தலைகீழாக மண்ணில் நட்டு வரம்பு கட்டினேன். அந்தத் தெருவில் பல வீட்டில் அப்படி உண்டு. ஆனால் பச்சை, வெள்ளை, சோயா சாஸ் போத்தல் என்று கலந்து கிடக்கும். என்னுடையது ஒரே கறுப்பு, மூன்று சுற்று. போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன். பார்த்தார்கள்.

மூத்தவள் பிறந்தாள். பூனைக்குட்டி கனம்கூட இல்லை. கண் சின்னது. மேலுதடு நூல் மாதிரி. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே எல்லாருக்கும் ஒரு பள்ளம் இருக்குமே, அது அவளுக்கு இல்லை, சமமாக இருந்தது. அதையெல்லாம் அன்று நான் கவனித்ததாகச் சொன்னால் பொய். சின்னதாக இருக்கிறாள், பால் குடித்தால் தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.

தோட்டத்திலிருந்து வந்த என் அக்காதான் கவனித்தாள். தொட்டிலைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் நின்ற என் மனைவிக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

“இது நம்ம பக்கத்து மொகம் இல்லடா தம்பி. ஒன் பொண்டாட்டியோட அப்பன் வீட்டு வழி. அவ சித்தப்பன் ஒருத்தன் மந்தமா இருந்தானே, அந்த ரத்தம்.”

நான் மறுத்து ஏதாவது பேசியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

பிள்ளை வளர்ந்தாள். எல்லாரிடமும் சிரிப்பாள், முன்பின் தெரியாதவர் கையையும் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் போட்டோம். வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “நேத்து சரியா சொல்லுது. இன்னிக்கு கேட்டா புதுசா கேக்குற மாதிரி பாக்குது. அடிச்சும் பாத்துட்டேன்” என்றார். ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டாம் வருஷமும் உட்கார வைத்தார்கள். என் மனைவி கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினாள். யார் என்ன கேட்பார்களோ என்று பயம்.

இப்படி எட்டு வருஷம் போன பிறகுதான் இரண்டாவது தங்கியது. எண்பதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். சொல்லும்போது அவள் சந்தோஷப்படவில்லை.

“இதுவும் அப்படியே வந்துட்டா என்னங்க பண்ணுவேன்? உங்க அக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்?”

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் நான் எதையும் சும்மா விடுகிறவன் இல்லை. அக்காவைக் கேட்டேன். “போன தடவ ஒண்ணு பத்தலடா. அதான் புள்ள சூம்பிப் போச்சு. இந்தத் தடவ ரெண்டா குடு” என்றாள். நியாயமாகப் பட்டது. ஒட்டும் பசை குறைந்தால் டயர் பிரியும், கூடப் போட்டால் நிற்கும். இரண்டு கார்ட்டன் ஸ்டௌட் வாங்கி வீட்டில் இறக்கினேன். அவளுக்கு வாந்தி ஓயவில்லை. நான்கைந்து நாள்தான் குடித்திருப்பாள், பாதியும் வெளியே வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு மிஸ்ஸி டயர் போட வந்தார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். கிறிஸ்துவப் பெண், தமிழ்தான், லண்டனில் நர்ஸ் படித்துவிட்டு வந்து பிரசவ வார்டில் வேலை. சின்ன வண்டி ஒன்றைத் தானே ஓட்டி வருவார். மூத்தவள் அன்று கடையில் இருந்தாள். நேராகப் போய் மிஸ்ஸியின் கையைப் பிடித்தாள்.

“எத்தனாங் கிளாஸ்மா படிக்கிற?”

“ஒண்ணு. போன வருசமும் ஒண்ணு,” என்று என் மகள் பெருமையாகச் சொன்னாள்.

மிஸ்ஸி குனிந்து அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு அவளைச் சக்கரங்களை எண்ணச் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்கா இவள வயித்துல வச்சிருந்தப்ப கள்ளு, சம்சு, ஏதாச்சும்...”

“மிஸ்ஸி! என்னப் பாத்தா பொண்டாட்டிக்கு சம்சு வாங்கிக் குடுக்குற ஆளாட்டமா தெரியுது? ஸ்டௌட்லா! தெனம் ஒரு போத்தலு. ஒரு நாள் தவறுனது இல்ல.”

மிஸ்ஸி திரும்பி, சக்கரம் எண்ணிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

“தினமுமாண்ணே?”

“சந்தேகமா இருந்தா வீட்டுக்கு வந்து போத்தல எண்ணிப் பாருங்க.”

அப்புறம்தான் அவர் சொன்னார். லண்டனில் ஒரு பாடத்தில் சில பிள்ளைகளின் முகப் படம் காட்டினார்களாம். சின்னக் கண், மெல்லிய மேலுதடு, பள்ளம் இல்லாத இடம். அம்மா குடித்ததால் அப்படி ஆன பிள்ளைகள். “நான் டாக்டர் இல்ல, பாத்த ஒடனே முடிவு பண்ணக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, காட்டுவோம். ஆனா இனிமே மாசமா இருந்தா ஒரு சொட்டுகூட வேணாம்ணே.”

எனக்கு வந்த கோபத்தில், “டயர் சாயங்காலம் ஆகும், அப்ப வந்து எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் குடித்தார்கள், எல்லாப் பிள்ளையுமா இப்படி இருக்கிறது? மிஸ்ஸி ஏதோ வெள்ளைக்காரன் சொன்னதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் ஒரு குணம். ஒரு கேள்வி உள்ளே நுழைந்துவிட்டால் சோறு இறங்காது. சாயங்காலம் அவர் வருவதற்குள் நானே வாசலில் நின்றேன்.

“ஒண்ணு சொல்லுங்க. எல்லாப் புள்ளைக்கும் ஏன் வரல?”

“அதான் தெரியல. சில புள்ள தாங்கிடுது, சிலது தாங்கல. யாரு தாங்கும்னு முன்னாடி சொல்ல முடியாது.”

“சரி, உள்ள போயி என்ன பண்ணுது? அரிக்குதா, கரைக்குதா, ஊற வைக்குதா?”

மிஸ்ஸி சிரித்துவிட்டார். “அம்மா குடிச்சா ரத்தத்தோட புள்ளைக்கும் போகுது. அம்மாவுக்கு ஈரல் இருக்கு, எரிச்சுத் தள்ளிடும். புள்ளைக்கு அந்த வேலை செய்ய இன்னும் ஒண்ணும் சரியா உருவாகல. முகமும் மூளையும் உருவாகுற நேரம் வேற. எப்படிக் கெடுக்குதுன்னா, பாடம் எடுத்த டாக்டரே தெரியாதுன்னுதான் சொன்னாரு.”

“தெரியாம எப்படி வேணாங்குறீங்க?”

“கெடுக்குதுன்னு தெரியும்ணே. எப்படிங்கறதுதான் தெரியாது.”

அவ்வளவு படித்தவர்களுக்கும் தெரியாத ஒன்று என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நான் கண்டுபிடித்தால் என்ன?

வீட்டிலிருந்த இரண்டு கார்ட்டனையும் என் கடைக்குத் தூக்கி வந்தேன். மனைவியிடம், “வாங்குன கடையில சரக்கு மாத்தித் தர்றாங்களாம், புதுசு வரல” என்று சொல்லிவைத்தேன். மிஸ்ஸி சொன்னது உண்மையா என்று தெரியும்வரை அவள் குடிக்க வேண்டாம் என்று எண்ணம். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த மூன்று சுற்றுப் போத்தலுக்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

பழைய டயரிலிருந்து ரப்பர் துண்டு வெட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டேன், ஒன்றை ஸ்டௌட்டில் போட்டேன். ஒரு வாரம் மூடி வைத்தேன். எடுத்து இழுத்துப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், பல்லால்கூடக் கடித்தேன். இரண்டும் ஒன்றுதான். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன்.

“உங்க பேச்சு தப்பு மிஸ்ஸி. ஒரு வாரம் ஊறியும் ஸ்டௌட்டு ஒண்ணும் பண்ணல.”

“எதுல ஊறப் போட்டீங்க?”

“டயர்ல.”

அவர் பக்கத்தில் நின்ற இன்னொரு மிஸ்ஸியின் தோளில் சாய்ந்து சிரித்தார். “புள்ள டயராண்ணே?”

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் திரும்பிக் கடைக்கு வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு சரிதான் என்பது எனக்குப் புரிந்தது என் மகளால்.

டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர், வேகாத பச்சை ரப்பர். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். ஒட்டுகிற நிமிஷம்வரை அதை உரிக்கக் கூடாது. இதை மூத்தவளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அன்று ஒரு நீளத் துண்டை முற்றத்தில் விரித்து, தாளை முழுக்க உரித்து, வெயிலில் போட்டிருந்தாள். உச்சிப் பொழுது தாண்டிவிட்டது. தடவிப் பார்த்தேன். பசை செத்துவிட்டது. அதை எந்த டயரில் ஒட்டினாலும் ஆயிரம் மைலில் பிரிந்து ஓடும்.

கையை ஓங்கினேன். “எத்தன தடவ சொன்னேன், உரிக்காதன்னு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயம்கூட இல்லை, ஆச்சரியம்தான். “சொன்னீங்களாப்பா?”

அது பொய் இல்லை. அந்தக் கண்ணில் தேடிப் பார்த்தேன், நான் சொன்னது அங்கே இல்லவே இல்லை. ஓங்கிய கையை இறக்கினேன். அவளுக்குப் பின்னால் சுவரோரம் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. வருஷக்கணக்காக அதே வெயிலில் கிடக்கிறவை. மேலே லேசான வெடிப்பு, அவ்வளவுதான். அதே வெயில், பச்சை ரப்பரை ஒரே பகலில் கொன்றுவிட்டது.

தவுக்கேயின் தொழிற்சாலையில் ரப்பர் பிசையும்போது கந்தகம், கரி எல்லாம் போட்ட பிறகு பழுப்பாக ஒரு மருந்து போடுவோம். ஒரு நாள் நான் மறந்துவிட்டேன். தவுக்கே கத்தினார், “இது இல்லன்னா காத்தே ரப்பரைத் தின்னுடும்லா!” நாம் மூச்சு விடுகிற காற்றுதான். அதுவே ரப்பரைக் கடிக்கும். அந்த மருந்து காவல் நின்றால் டயர் தாங்கும், காவல் இல்லாதது வெடிக்கும்.

அங்கேயே குந்திக்கொண்டேன். நான் ஊறப் போட்டது வெந்து முடிந்த டயர். அதாவது என்னை மாதிரி, என் அக்கா மாதிரி, முழு ஆள். வயிற்றில் இருப்பது பச்சை. அதற்குக் காவல் மருந்தும் இல்லை. உரித்து வெயிலில் போட்டது யார்?

பல வருஷம் கழித்து, என் சர்க்கரை நோய்க்குப் பார்க்கிற டாக்டரிடம் இதைக் கேட்டேன். இப்போது தெரிந்துவிட்டதாம். உடம்பு சாராயத்தை எரிக்கும்போது நெருப்பிலிருந்து பொறி தெறிக்கிற மாதிரி உடைந்த ஆக்சிஜன் தெறிக்கிறது. பக்கத்தில் எது இருந்தாலும் கடிக்கிறது. பெரியவர் உடம்பில் அந்தப் பொறியை அணைக்கிற காவல் நிறைய உண்டு. கருவுக்குக் காவல் கொஞ்சம்தான். முகத்தையும் மூளையையும் கட்டப் புறப்பட்ட உயிரணுக்கள் போய்ச் சேருவதற்குள் செத்துவிடுகின்றன. செத்தது எங்கே போக வேண்டுமோ அங்கே குறை. இது மட்டுமே காரணம் இல்லை, வேறு வழியிலும் கெடுக்கும் என்றார். நான் மேசையைத் தட்டினேன். “டாக்டர், இத நான் எண்பதுகள்லயே டயர் கடையில உக்காந்து கண்டுபுடிச்சேன்!” அவர் நம்பவில்லை. நீங்கள் நம்பினால் போதும்.

ஆனால் கண்டுபிடித்தவன் வீட்டில் வாய் திறக்கவில்லையே. மிஸ்ஸி சொன்ன நாளிலிருந்து அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் அக்கா வந்ததால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வந்தாள். பையிலிருந்து, வாயில் தாளைச் சுருட்டி அடைத்த ஒரு போத்தலை எடுத்தாள்.

“ஈப்போல ஸ்டௌட்டே இல்லையாமே? ஒலகத்துல இல்லாத அதிசயம்! நான் தோட்டத்துலேருந்தே கள்ளு கொண்டாந்துட்டேன்.” பெரிய மங்குக் கோப்பை நிறைய ஊற்றி என் மனைவியிடம் நீட்டினாள். “குடி. இல்லன்னா ஒன் அப்பன் வீட்டு வழி இந்தப் புள்ளையிலயும் வந்து ஒக்காந்துக்கும்.”

என் மனைவி கோப்பையை வாங்கினாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன் பிடித்த அதே மாதிரி.

“குடிக்காத,” என்றேன்.

“ஏன்டா?” என்றாள் அக்கா.

“இவ வழியும் இல்ல, இவ சித்தப்பா வழியும் இல்லக்கா. நான் குடுத்தது. அந்தா நட்டு வச்சிருக்கேன் பாரு, அந்தப் போத்தல்தான் மூத்தவள அப்படி ஆக்குச்சு.”

“பைத்தியமாடா ஒனக்கு? ஒன்ன வயித்துல வச்சிருந்தப்ப அம்மா குடிக்கலயா? நீ நல்லாத்தான இருக்க?”

“மூணாங் கிளாஸ் தாண்டலயே.”

“நீ பள்ளிக்கூடம் போனாத்தான தாண்டுறதுக்கு! ஆத்துல மீன் புடிச்சிக்கிட்டு கெடந்துட்டு...”

நான் பச்சை ரப்பர், காவல் மருந்து, மிஸ்ஸி படத்தில் பார்த்த முகம் எல்லாம் சொன்னேன். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கியது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா கடையில சரக்கு இல்லைன்னீங்க.”

“ம்.”

“எட்டு வருசமா எங்க சித்தப்பாவ மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்,” என்றாள். “அவரு செத்தும் போயிட்டாரு.”

அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கள்ளை எடுத்துப்போய் சாக்கடையில் ஊற்றினாள். பிறகு கறிவேப்பிலைச் செடி அருகே குனிந்து ஒரு போத்தலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மண் இறுகி, வேர் ஓடி, கல்லாகியிருந்தது. நான் கடைக்குப் போய் டயர் கழற்றும் நெம்பியை எடுத்து வந்தேன். நான் நெம்ப, அவள் எடுக்க, மூத்தவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். இருபதுக்கு மேல் அவளுக்கு வராது. இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பலமுறை தொடங்கினாள்.

அக்கா சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். ஏழாம் மாசம் வளையல் மட்டும் கொண்டுவந்தாள்.

அந்த நான்கைந்து நாள் குடித்தது என்ன செய்திருக்குமோ என்று மிஸ்ஸியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். “நிறுத்தினது நல்லது. மத்தத சொல்ல முடியாதுண்ணே” என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. டயரென்றால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஏழு மாசம் கை கட்டிக் காத்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் பிறந்தான், பையன். நல்ல கனம். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனேன். போனதும் குனிந்து, அவன் மூக்குக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்துத் தடவினேன். பள்ளம் இருந்தது. மறுபடி தடவினேன். இருந்தது.

“நான் நேத்தே தொட்டுப் பாத்துட்டேன்,” என்றாள் என் மனைவி.

மூத்தவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். தன் விரலைத் தம்பியின் உதட்டுக்கு மேலே வைத்தாள். பிறகு தன் முகத்தில் அதே இடத்தில் வைத்தாள். அங்கேயே தேடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் பாருங்கப்பா,” என்றாள்.

பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவளை அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை. வழவழவென்று இருந்தது.

“என்னப்பா இருக்கு?”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பதில் சொல்வதாக இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்துக்கொண்டு, போத்தலிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள் தம்பியின் காலைப் பிடித்து விளையாடப் போய்விட்டாள். மறுநாள் காலை மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.